சுட்டி வந்து நின்ற வாசல்

லண்டனில் வீட்டு வாசலுக்கு மாடு வரும் என்று தில்லையம்பலம் சொன்னால் சிரிக்காத ஆள் இல்லை. ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை வைத்திருந்த பாலேந்திரா மட்டும் சிரிக்கமாட்டார்; அவர் இரக்கப்படுவார். தனிய இருக்கிற மனுசன், குளிர் மண்டைக்குள் போய்விட்டது என்று கடைக்கு வருகிறவர்களிடம் குசுகுசுப்பார். நான் சொல்கிறேன், கேளுங்கள்: தில்லையம்பலம் தன் வாழ்நாளில் மாட்டைப் பற்றிப் பொய் சொன்னது ஒரேயொரு முறைதான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஊரில் அவர் கிராமசபைக் கிளாக்கர். உரும்பிராய்ப் பக்கம் கட்டாக்காலி மாடுகள் யாருடைய தோட்டத்தில் புகுந்தாலும், பிடித்துக் கட்டிவிட்டு அவருக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். வந்து, மாட்டின் தொடையில் சுட்டிருக்கும் குறியைப் பார்த்தாரென்றால் போதும், இது இன்னாருடைய மாடு, இன்ன ஒழுங்கை, இன்ன வீடு என்று சொல்லிவிடுவார். மனிதர்களின் முகம் மறந்தாலும் மாட்டுக் குறி மறக்காத மனிதர். அப்பேர்ப்பட்டவர் எண்பத்தைந்தில், நாற்பத்துநாலு வயதில், ஒற்றைப் பெட்டியோடு லண்டனில் வந்து இறங்கினார். மனைவி பாலாம்பிகை வரவில்லை. அவளுடைய தாய் பாரிசவாதத்தில் படுக்கையாய்க் கிடந்தாள்; பார்க்க வேறு ஆள் இல்லை. பிள்ளைகுட்டியும் இல்லாத சோடி. "நீங்கள் முதல்ல போங்கோ, நான் பின்னாலை வாறன்" என்று படலையடியில் நின்று சொன்னாள். அந்தப் "பின்னாலை" பன்னிரண்டு வருடம் ஆகும் என்று யார் கண்டது?

அகதி விண்ணப்பம் போட்டார். தங்கியிருக்கலாம் என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள்; ஆனால் நாலு வருடம் கழிந்த பிறகுதான் மனைவியைக் கூப்பிடலாமாம். பகலில் பெட்ரோல் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தார். பின்னேரம் மனோர் பார்க்கில் ஒரு கீழ்வீட்டுக்கு வருவார். வீதியின் அந்தப்பக்கம் வொன்ஸ்டெட் பிளாட்ஸ் என்ற பெரிய புல்வெளி, இந்தப்பக்கம் அவருடைய முன்முற்றம். வேலி இல்லை, படலை இல்லை. யாழ்ப்பாணத்தானுக்கு வேலியில்லாத வீட்டில் நித்திரை வருமா? முதல் ஒரு மாதம் அவருக்கு வரவில்லை.

எண்பத்தாறு மே மாதம், ஒரு லீவு நாள் காலை. தேத்தண்ணியோடு ஜன்னலடிக்கு வந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கினார். முன்முற்றத்தில் ஒரு மாடு நிற்கிறது! கறுத்த உடம்பு, முகம் மட்டும் வெள்ளை. பக்கத்து வீட்டு மிஸஸ் பார்க்கரின் ரோசாச் செடியை நிதானமாக மேய்ந்துகொண்டு நிற்கிறது. அதன் தொடையில் ஒரு குறி. ஐயோ, அந்தக் குறியைக் கண்டதும் மனுசனுக்கு வந்த சந்தோசத்தை என்னவென்று சொல்வது! ஒரு வருடமாக அந்த நாட்டில் அவருக்கு வாசிக்கத் தெரிந்த முதல் எழுத்து அதுதான் என்று பிறகு சொல்வார்.

குறி இருந்தால் சொந்தக்காரன் இருக்கிறான். சொந்தக்காரன் இருந்தால் இப்போது தேடிக்கொண்டு திரிவான். ஆகவே அவர் செய்யத் தெரிந்ததைச் செய்தார். நீல நைலோன் கயிறு ஒன்றை எடுத்து, மாட்டின் கழுத்தில் சுருக்கு விழாமல் போட்டு, தெருவிளக்குக் கம்பத்தில் கட்டினார். வாளியில் தண்ணீர் வைத்தார். குறியை ஒரு துண்டில் வரைந்துகொண்டார். பிறகு பொலிசுக்குப் போன் எடுத்து, கிராமசபைக் குரலில், கட்டாக்காலி ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறேன், உரியவரை அனுப்புங்கள் என்று அறிவித்தார்.

பொலிஸ் வரவில்லை. பச்சை வண்டி ஒன்றில் காட்டுக் காவலர் ஒருவர் வந்தார். இறங்கியவர் மாட்டைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், தில்லையம்பலத்தைப் பார்த்தார். கோபிப்பதா சிரிப்பதா என்று அவருக்கே பிடிபடவில்லை.

"ஐயா, இந்த மாட்டை நீங்கள் கட்டக்கூடாது."

"அது தோட்டத்துக்குள்ளே வந்து செடியைத் தின்கிறதே!"

"தின்னும். அதைத் தடுக்க வேண்டுமானால் வேலி போட வேண்டியது நீங்கள். நடமாடும் உரிமை மாட்டுக்கு இருக்கிறது."

தில்லையம்பலத்துக்குத் தலை சுற்றியது. இருபது வருடம் மாட்டுக்காரனைக் குற்றவாளியாக்கிப் பழகிய மனிதரிடம் வந்து குற்றம் உன்னுடையது என்றால்? எந்த ஊர் நியாயம் இது என்று கேட்டார். காவலர் வண்டியில் சாய்ந்து நின்று கதை சொன்னார். இந்தப் புல்வெளி எப்பிங் காட்டின் தெற்கு வால். வடக்கே பன்னிரண்டு மைலுக்கு மேல் போகிறது காடு. எண்ணூறு வருடங்களுக்கு முன்பே அது ராசாக்களின் வேட்டைக்காடு. மான் ராசாவுடையது. மான் ஓடுகிற வழியை மறித்து ஒரு குடியானவனும் வேலி போடக்கூடாது என்பது சட்டம். அதற்குப் பதிலாக, வேலியில்லாத காட்டில் தன் மாட்டை மேயவிடும் உரிமை அவனுக்குக் கிடைத்தது. ராசாவும் போனார், வேட்டையும் போயிற்று. போன நூற்றாண்டில் காட்டை வெட்டி விற்கப் பார்த்தவர்களோடு சனங்கள் வழக்காடி வென்றார்கள். பிறகு விக்டோரியா ராணி நேரே வந்து, இந்தக் காடு என்றைக்கும் சனங்களுக்கே என்று சொல்லிவிட்டுப் போனார். இவ்வளவும் நடந்த பிறகும் மாட்டின் உரிமை மட்டும் அப்படியே இருக்கிறது. மே மாதம் அவிழ்த்துவிடுவார்கள், பனி தொடங்கப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

கயிற்றை அவிழ்த்துவிட்டு, மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, காவலர் போய்விட்டார். மாடு போகவில்லை. மிச்ச ரோசாவையும் தின்றுவிட்டுத்தான் போனது.

அன்று இரவே பாலாம்பிகைக்குக் கடிதம் எழுதினார். அதுவரை அவர் எழுதிய கடிதங்களை நீங்கள் பார்க்க வேண்டும்: நான் சுகம், நீர் சுகமா, குளிர் கூட, முற்றும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவனுக்கு எழுத என்ன இருக்கிறது? இந்தமுறை ஏழு பக்கம். நெற்றியில் வெள்ளை விழுந்த மாட்டை ஊரில் சுட்டி என்பார்கள். அந்தப் பெயரையே வைத்துவிட்டதாகவும் எழுதினார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "உங்கடை சுட்டியைப் பற்றி வாசிச்சுச் சிரிச்சன். எங்கடை சிவப்பி இப்ப நிறைமாதம்" என்று வீட்டுப் பசுவில் தொடங்கி, அவளும் நாலு பக்கம் எழுதியிருந்தாள்.

அப்படித்தான் அந்த இரண்டு பேரின் குடும்ப வாழ்க்கை மாடுகளின் மேல் ஓடத் தொடங்கியது. மே மாதம் பிறந்தால் சுட்டி வரும். அதே மாடுதானா, அதன் கன்றா, வேறொன்றா என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும். வெள்ளை முகம், அதே குறி, அதே வாசல், பிறகென்ன விசாரணை? வாழைப்பழத் தோலையும் முட்டைக்கோவா இலையையும் சேர்த்து வைத்துக் கொடுப்பார். கொடுத்துக்கொண்டே அன்றைய நாளில் நடந்ததைத் தமிழில் சொல்வார். வாரக்கணக்கில் அவர் வாய்விட்டுத் தமிழ் பேசிய ஒரே சீவன் அதுதான் என்றால் நம்புவீர்களா? தைப்பொங்கலுக்கு மறுநாள் மாட்டுப் பொங்கல். தை மாதம் மாடு ஏது? அவர் அதை மே மாதத்துக்கு ஒத்திவைத்தார். சுட்டியின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, கோப்பையில் சர்க்கரைப் பொங்கல் நீட்டினார். மிஸஸ் பார்க்கர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐப்பசி முடிந்து மாடுகள் போய்விட்டால் வீதி வெறிச்சோடிவிடும். முதல் மாரியில் அந்த வெறுமை தாங்காமல் மாட்டைத் தேடிக்கொண்டே அவர் காட்டுக்குப் போனார். சிங்ஃபோர்டில் பஸ்சால் இறங்கினால், மேட்டில் ஒரு வெள்ளை மரவீடு. எட்டாம் ஹென்றி ராசா வேட்டை பார்ப்பதற்காகக் கட்டியது. மேல்மாடிகளுக்கு அந்தக் காலத்தில் சுவரே இல்லையாம். விருந்தாளிகள் மேலே நின்றபடி அம்பு விடுவார்களாம், கீழே ஆட்கள் மானைக் கலைத்துக்கொண்டு வருவார்களாம். ஓடவும் வழியில்லாமல் கலைபட்ட மானை நினைத்து அவர் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. ஊரை விட்டுத் தன்னைக் கலைத்தவர்களின் முகம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஆனால் அதற்கப்பால் இருந்த காடு! பீச் மரங்கள் செம்பு நிறத்தில் இலை கொட்டி, நடக்க நடக்கக் கணுக்கால்வரை சரசரத்தது. ஒவ்வொரு கிழட்டு மரமும் ஆளுயரத்துக்குச் சற்று மேலே வெட்டுப்பட்டு, அந்த வெட்டிலிருந்து பத்துப் பதினைந்து கிளைகள் ஒன்றாகக் கிளம்பி நின்றன. ஏன் அந்த உயரம் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை, பார்த்தவுடன் விளங்கிவிட்டது: கீழே வெட்டினால் தளிரை மாடும் மானும் தின்றுவிடும். எட்டாத உயரத்தில் வெட்டினால் குடியானவனுக்கு விறகும் கிடைக்கும், மரமும் சாகாது. நூற்றுக்கணக்கான வருடம் வெட்டி வெட்டியே வாழவைத்த மரங்கள். கொனாட் குளத்தடியில் வாத்துகளுக்கும் தனக்குமாக ஒரு பாண் துண்டைப் பங்கிட்டுத் தின்றார். பனிமூட்டத்தில் கறுத்த மான்கள் நாலைந்து வந்து நின்று, அவரை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போயின. இவ்வளவு வடிவையும் பார்த்துவிட்டு, "எடேயப்பா!" என்று சொல்லத் திரும்பினால் பக்கத்தில் ஆள் இல்லை. அந்த இடத்தில் மனுசன் அழுதுவிட்டார். அழுதது குளிரால் அல்ல. பாலாம்பிகை அங்கே இல்லாததால்.

எண்பத்தேழு ஐப்பசியில் ஒரு பெரும் புயல் அடித்தது. காட்டில் கிழட்டு மரங்கள் வேரோடு சாய்ந்தன. அதே கிழமை ஊரில் சண்டை. இந்திய ராணுவம் உரும்பிராய்க்குள் வருகிறது, ஷெல் விழுகிறது என்று பாலேந்திராவின் கடையில் கதைத்தார்கள். கடிதம் இல்லை, போன் இல்லை. அறுபத்துமூன்று நாள் கழித்து ஒரு நீலக் கடிதம். "நான் சுகம். அம்மாவும் இருக்கிறா. சிவப்பிக்கும் ஒண்டும் இல்லை, கன்று துள்ளித் திரியுது. றேடியோவிலை சொன்ன புயலுக்கை உங்கடை சுட்டி என்ன செய்தது?" அவர் அந்தக் கடிதத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு கதிரையிலேயே இருந்துவிட்டார்.

நாலு வருடம் கழிந்தது. மனைவியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டார். தொண்ணூறில் மறுபடி சண்டை, பாதை பூட்டு. மாமியாரோ படுக்கையில். கடிதங்கள் கொழும்பு சுற்றி, கைமாறி, ஈரம்பட்டு வந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பி இருந்தது. கன்று போட்டது, பால் குறைந்தது, கிணற்றடி வேலியை உடைத்தது. தொண்ணூற்றிரண்டில் திரும்பவும் கன்று. தொண்ணூற்றைந்தில் இன்னொன்று. அவர் ஊரை விட்டபோது சிவப்பிக்கு எட்டு வயது. மாட்டோடு மாடாய் இருபது வருடம் கழித்தவருக்குக் கணக்குத் தெரியாதா? பதினெட்டு வயதுக் கிழட்டு மாடு கன்று போடுமா? அந்த வரி வந்தால் சற்று வேகமாக வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்.

மாமியார் தொண்ணூற்றைந்து ஆரம்பத்தில் கண்மூடினாள். அந்த ஐப்பசியில் ஊரே ஒரே நாளில் இடம்பெயர்ந்தது. பாலாம்பிகையும் சனத்தோடு சனமாய் நடந்து, வன்னி, வவுனியா, கொழும்பு என்று ஒரு வருடத்துக்கு மேல் அலைந்து, தொண்ணூற்றேழு மார்ச் மாதம் ஹீத்ரோவில் வந்து இறங்கினாள்.

தலை நரைத்த ஒரு பெண் தள்ளுவண்டியோடு வந்தாள். வழுக்கை விழுந்த ஒரு மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் அடையாளம் காண ஒரு நிமிடம் பிடித்தது. அந்த ஒரு நிமிடம் இரண்டு பேர் மனதிலும் முள்ளாய் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தும் கதை வரவில்லை. சாப்பிட்டீரோ, ஓம். குளிருதோ, கொஞ்சம். அவள் குசினியில் நிற்பாள், இவர் ஹோலில் இருப்பார். கலியாணம் கட்டிய புதிதில்கூட இவ்வளவு வெட்கம் இருந்ததில்லை. பன்னிரண்டு வருடம் கடிதத்தில் ஊற்றாய்க் கதைத்த இரண்டு பேர் இப்படி ஊமையாகிப் போனால், இனிக் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதா என்றே தில்லையம்பலத்துக்குப் பயம் வந்தது. ஒன்றே ஒன்றை நம்பியிருந்தார்.

"மே மாதம் வரட்டும், சுட்டி வரும். கண்ணாலை பாரும்."

"ஓம், பாப்பம்," என்பாள் அவள், நிலத்தைப் பார்த்தபடி.

மே வந்தது. தோலும் இலையும் வாளியில் நிறைந்தன. சுட்டி வரவில்லை. மூன்றாம் கிழமை, தில்லையம்பலம் புல்வெளியைக் கடந்து போய்ப் பழைய காவலரைத் தேடிப் பிடித்தார். அவருக்கும் இப்போது தலை நரைத்திருந்தது.

"உங்களுக்குத் தெரியாதா? இனி மாடு வராது," என்றார் காவலர். மாட்டுப் பைத்திய நோய் வந்து நாடே அல்லோலகல்லோலப்பட்டதல்லவா, அதனால் போன ஐப்பசியில் பிடித்துக்கொண்டு போன பிறகு திறந்து விடுவதையே நிறுத்திவிட்டார்களாம். இத்தனை நூற்றாண்டாக நடந்து வந்த மாடுகள். கடைசி மாடு போன நாளில் ஒரு மேளதாளம்கூட இல்லை.

அவர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார். நோயைப் பற்றி விளக்கிச் சொன்னால் நம்புவாளா? பாலேந்திரா நம்பாததை இவள் ஏன் நம்ப வேண்டும்? அத்தாட்சி வேண்டும். மாடிப்படிக்குக் கீழே குனிந்து, சாமான்களைக் கிளறி, அந்தப் பழைய நீலக் கயிற்றை வெளியே இழுத்தார். நூல்களுக்கிடையில் இன்னமும் கறுத்த மயிர் நாலைந்து சிக்கிக் கிடந்தது. அதைக் கையில் சுருட்டிக்கொண்டு குசினிக்குள் போனார்.

பாலாம்பிகை மேசையடியில் இருந்தாள். வாளி அவளுக்கு முன்னால் இருந்தது. அவர் வாய் திறக்கமுன் அவள் பேசினாள்.

"இஞ்சாருங்கோ, நான் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக்கூடாது."

"என்ன?"

"சிவப்பி செத்துப்போச்சு."

"எப்ப?"

"எண்பத்தேழிலை. ஷெல் விழுந்த அண்டைக்கே. அடுத்த கன்று வயித்துக்குள்ளை." அவள் சேலைத் தலைப்பைத் திருகினாள். "பத்து வருசமா உங்களுக்குப் பொய் எழுதினன். எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனா நீங்கள் சுட்டி சுட்டி எண்டு பக்கம் பக்கமா எழுதுறியள். லண்டனிலை எங்கை மாடு வாசலுக்கு வரும்? என்னைச் சிரிக்க வைக்கத்தானே இந்த மனுசன் இருந்து யோசிச்சு யோசிச்சு எழுதுது எண்டு எனக்குத் தெரியும். அப்ப நானும் எழுதவேணும்தானே? நடந்துவரேக்கை, மரத்துக்குக் கீழை படுக்கேக்கை, அடுத்த கடிதத்திலை சிவப்பி என்ன செய்யும் எண்டு யோசிச்சுத்தான் வந்தனான். அதுதான் என்னைக் கொண்டுவந்து சேர்த்தது." பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். வந்து இரண்டு மாதத்தில் அப்போதுதான் அவர் கண்ணை நேரே பார்த்தாள். "நீங்களும் எனக்காகத்தானே பொய் சொன்னனீங்கள்? என்னை மட்டும் பொய்க்காரியா இருக்க விட்டிடாதேங்கோ."

கயிறு அவர் கையில் கனத்தது. பதினோரு வருடம், அந்தத் தெருவில் தன்னை ஒரு மனிதனாக மதித்து வாசலுக்கு வந்த ஒரே சீவன். அது வந்ததற்கு இந்த ஊரில் ஒரு தமிழன் சாட்சி இல்லை. இப்போது அவரும் கைவிட்டால் அது இருந்ததே இல்லை என்றாகிவிடும்.

"ஓமப்பா," என்றார். "பொய்தான். உமக்காகத்தான் எழுதினன்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "கள்ளன்! அந்தச் சந்தனப் பொட்டு வைச்ச கதை ஒண்டு போதுமே பிடிபட!" என்று அவர் தோளில் அடித்தாள். அன்று அவர்கள் பின்னேரம்வரை கதைத்தார்கள். அறுபத்துமூன்று நாளைப் பற்றி, மாமியாரின் கடைசி நாளைப் பற்றி, நடந்த பாதையைப் பற்றி.

"கையிலை என்ன கயிறு?" என்று நடுவில் கேட்டாள்.

"உமக்கு உடுப்புக் காயப்போட."

ஆனி மாதம் ஒரு காலை, கொல்லைப்புறத்தில் அந்த நீலக் கயிற்றில் சேலை காய்ந்துகொண்டிருந்தது. முன்பக்கம் இரண்டு பேரும் வாசலைக் கூட்டிக்கொண்டு நின்றபோது மிஸஸ் பார்க்கர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவளுடைய ரோசாக்கள் அந்த வருடம்தான் முதன்முதலாக முழுக்கப் பூத்திருந்தன.

"மாடுகள் இல்லாமல் என்னவோபோல் இருக்கிறது," என்றாள் அவள் ஆங்கிலத்தில். "உங்கள் வாசலில் வந்து நிற்குமே, அந்த வெள்ளை முகத்துக்காரி. நெற்றியில் பொட்டெல்லாம் வைப்பீர்களே! அவள் வராததுதான் எனக்குக் கவலை."

பதினோரு வருடத்தில் சுட்டிக்காகத் துக்கம் கேட்ட முதல் ஆள். தில்லையம்பலம் கூட்டுவதை நிறுத்தினார். நன்றி, மிஸஸ் பார்க்கர் என்று மட்டும் சொன்னார்.

பாலாம்பிகைக்கு இங்கிலிஷ் பிடிபடாது. கூட்டுமாற்றைக் கையில் வைத்தபடி கேட்டாள்: "என்னவாம் மனுசி?"

"இந்த முறை ரோசாப்பூ நல்லாப் பூத்திருக்காம்," என்றார் தில்லையம்பலம்.